சம்பளம் கேட்காத வாட்ச்மேன்

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், தான் குடியிருக்கும் பங்களாவின் கேட்டுக்கு வெளியே ஒற்றைக் காலில் நின்று பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த மனிதரை எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கையில் குடை, மறு கையில் பூட்ஸ் நாடா. குடையைக் காற்று ஒரு பக்கம் இழுத்தது. நாடாவின் முடிச்சு ஈரத்தில் இறுகிப்போய் அவிழ மறுத்தது. கேட்டின் கம்பியில் தோளைச் சாய்த்துக்கொண்டு, நொண்டி விளையாடும் பிள்ளையைப்போல அவர் தத்தினார். ஒருவழியாகக் கழற்றிய பூட்ஸை மதில்மேல் வைத்தார். அது சரிந்து சேற்றில் விழுந்தது. அதை எடுக்கவில்லை. வெள்ளைக் காலுறையோடு, சரளைக் கல் பரப்பிய பாதையில், ஒவ்வொரு அடிக்கும் முகத்தைச் சுளித்தபடி உள்ளே போனார். எதிரே இருந்த எஸ்டேட் ஆபீஸின் ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய்க் குடையையாவது பிடித்திருப்பேன். அவருக்காக என் கால் அசையவில்லை. இத்தனை வருடம் கழித்து யோசித்தாலும் அசையாது என்றுதான் தோன்றுகிறது.

அவர் எங்கள் மேனேஜர். சேர்வராயன் மலையில், தலைச்சோலைப் பக்கம் இருந்த காப்பி எஸ்டேட் அது. முதலாளி குடும்பம் சேலத்தில். மலையில் அவர்களுக்குப் பதிலாக மூச்சு விடுவதற்கும் முறைப்பதற்கும் இவர். ஆபீஸில் கணக்கும் தட்டச்சும் என் பொறுப்பு. அவர் சொல்லச் சொல்ல அறிவிப்புகளை அடித்துக் கொடுப்பேன். அவை காப்பிப் பழம் எடை போடும் கொட்டகையிலும், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் சுவரிலும், தண்ணீர்த் தொட்டியின் மேலும் ஒட்டப்படும். அந்த அறிவிப்புகளில் தவறாமல் வந்த சொல் ஒன்று உண்டு. புனிதம். விளக்கை ஊதி அணைக்கப் போகிறவரைப்போல உதட்டைக் குவித்து, ‘பு’வில் கொஞ்சம் நின்று, அப்புறம் மிச்சத்தைச் சொல்வார். உண்மையில் அவர் ஊதி அணைக்கத்தான் செய்தார் என்பது எனக்குப் புரியச் சில மாதம் ஆனது.

வேலை நேரம் புனிதமானது, பேசக் கூடாது. எடைத் தராசு புனிதமானது. தொழிலாளர் யாரும் கை வைக்கக் கூடாது. பங்களாவின் முன்வாசல் புனிதமானது, பின்வழியாக வரவும். அவர் புனிதம் என்று சொன்ன எதற்கும் பின்னால் ஒரு ‘கூடாது’ குட்டி நாயைப்போலத் தொடர்ந்து வந்தது. தராசு புனிதமான பிறகு அதன் முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்ப்பது அபசாரம் ஆயிற்று. மூட்டையோடு வரிசையில் நின்ற பெண்கள் அண்ணாந்து மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கோயில்களைப்பற்றி அவருக்கு இளக்காரம் மட்டும்தான். மலைப்பாதை வளைவில் வண்டியை நிறுத்திச் சூடம் கொளுத்துகிறவர்களைப் பார்த்தால் ஜீப்புக்குள்ளிருந்தே சிரிப்பார். ஒரு நாள் என்னிடம், “பயம்ங்கிறதும் ஒரு வெள்ளாமைம்மா. வெதைக்கவும் தெரியணும், அறுக்கவும் தெரியணும்,” என்றார். புத்திசாலி என்று தன்னைத்தானே நம்பியவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரியான சிரிப்பு இருக்கிறது. ஈறு தெரியாத, சத்தம் வராத சிரிப்பு.

அதே மலையில்தான், எஸ்டேட் எல்லைக்குக் கீழே, ஒரு அக்கா குடியிருந்தார். தலைமுறை தலைமுறையாக மலையில் இருக்கிற விவசாயக் குடும்பம். சரிவில் கொஞ்சம் சாமை, கொஞ்சம் காப்பி, நாலு ஆரஞ்சு மரம். பழம் பறிக்கிற பருவத்தில் எங்கள் எஸ்டேட்டுக்குக் கூலிக்கு வருவார். வாயில் சதா ஒரு வெற்றிலைக் காம்பு. பேச்சில் சதா ஒரு குத்தல். நான் சேலத்திலிருந்து மலையேறிய புதிதில், மதியச் சோற்று நேரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “ஏனுங்க அம்மிணி, ஆபீஸ்காரங்களுக்குச் சோறு தனியாத்தான் எறங்குமுங்களா?” என்று கேட்டு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அவர். அன்றிலிருந்து என் மதியங்கள் அவருடையவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஊருக்கு மேலே நடந்து போனேன். பாதை ஓரிடத்தில் சட்டென்று ஒதுங்கி, ஒரு அடர்ந்த காட்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று. நேராகப் போனால் பாதித் தூரம் மிச்சம். ஏன் சுற்ற வேண்டும் என்று கேட்டேன். அக்கா காட்டைப் பார்க்காமலே, “அது சாமிக்கு விட்டதுங்க,” என்றார். உள்ளே என்ன இருக்கிறது? “ஒண்ணுமில்லீங்க. விட்டுட்டோம், அவ்வளவுதான்.” ஒரு போர்டு இல்லை, மணி இல்லை, வேலி இல்லை. காற்றில் முறிந்து விழுந்த பெரிய பெரிய கொப்புகள் விழுந்த இடத்திலேயே பாசி பிடித்து, காளான் பூத்து, மண்ணாகிக்கொண்டிருந்தன. விறகுக்கு அலைகிற ஜனங்கள் ஒரு சுள்ளியைத் தொடவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை செருப்பில்லாமல் உள்ளே போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வருவார்களாம். அங்கே நின்றபோது எனக்குள் ஏதோ தணிந்தது. அந்த மலை ஜனங்கள் புனிதம் என்ற சொல்லை வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர்களுக்கு அது ஒரு வேலை. செய்யாமல் இருப்பதாகிய வேலை. கையை எடுத்துவிடுவது. எங்கள் மேனேஜருக்கோ அது கையை வைப்பது.

எஸ்டேட்டில் நிழலுக்காக வளர்த்த மரங்களின் கொப்புகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. மிளகுக் கொடி படர்ந்த கொப்பையும் சேர்த்தே யாரோ விறகுக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். எல்லையைக் காவல் காக்க, வெள்ளக்கடை என்ற ஊரிலிருந்து ஒரு வாட்ச்மேன் வருவார். மொபெட்டில் வந்து, அதை ஆபீஸ் தாழ்வாரத்தில் சாய்த்துவிட்டு, கம்பும் டார்ச்சுமாக நடப்பவர். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். எவ்வளவு நடந்தாலும் மலை அவரைவிடப் பெரிதாக இருந்தது. மேனேஜர் யோசித்தார். யோசித்து முடித்த அன்றைக்கு அந்த ஈறு தெரியாத சிரிப்போடு ஆபீஸுக்குள் வந்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, ஓடையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் ஒரு கல் எடுத்துவரச் சொன்னார். சேலத்திலிருந்து ஒரு சூலம் வாங்கி வந்திருந்தார். மஞ்சள் துணி, குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஒரு காகிதப் பையில். எல்லையில் நின்ற பெரிய நாவல் மரத்தின் அடியில் அந்தக் கல்லை நட்டு, துணி சுற்றி, பொட்டு வைக்கும்படி வாட்ச்மேனுக்கு உத்தரவு. அவர் தயங்கினார். “சும்மா வெக்கக் கூடாதுங்களே சார்,” என்றாராம். “சும்மா எங்க வெக்கறோம், காவலுக்குத்தானே வெக்கறோம்,” என்றாராம் மேனேஜர்.

வாட்ச்மேன் குளித்துவிட்டு வந்து வைத்தார். சூடம் கொளுத்தி, விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார். மேனேஜர் தூரத்தில் பூட்ஸோடு நின்று பார்த்தார்.

கொப்பு வெட்டுவது மறுநாளிலிருந்தே நின்றது. அந்த மரத்தில் மட்டுமல்ல, அந்த வரிசை முழுவதிலும். “பார்த்தியாம்மா? சம்பளம் கேக்காத வாட்ச்மேன்,” என்று மேனேஜர் என் மேசையைத் தட்டினார். அடுத்த மாதம் சம்பளம் கேட்கும் வாட்ச்மேனை வேலையைவிட்டு நிறுத்தினார். கல்லை நட்ட கைக்கே அந்தக் கல்லைக் காட்டி, இனி நீ எதற்கு என்று கேட்கிற மனசு எப்படிப்பட்டது என்று நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன். அதற்குப் பெரிய கொடுமைகூடத் தேவையில்லை. கொஞ்சம் சாமர்த்தியமும், மற்றவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்ற அசையாத நம்பிக்கையும் போதும்.

முட்டாள் யார் என்பது வேறு விஷயம். ஊருக்கு எல்லாம் தெரியும். வாட்ச்மேன் வெள்ளக்கடையில் சொல்லி, அது டீக்கடை ஏறி, மறுநாள் காலையிலேயே தலைச்சோலைக்கு வந்துவிட்டது. கல் எந்த ஓடையில் எடுத்தது, துணி எந்தக் கடையில் வாங்கியது என்பதுவரை தெரியும். தெரிந்தும் யாரும் அந்த மரத்தைத் தொடவில்லை. அக்காவிடம் கேட்டேன். அவர் வெற்றிலைக் காம்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு, “வெச்சது யாரா இருந்தா என்னங்க, சாமின்னு பேரு வெச்சுப் போட்டாங்க இல்லீங்களா?” என்றார். தான் அறுவடை செய்துகொண்டிருப்பது பயம் என்று மேனேஜர் நினைத்தார். அது பயமில்லை. மரியாதை. அவர் அதுவரை பார்த்தே இராத பயிர்.

பிறகு முதலாளியம்மா வந்தார். பருவத்துக்கு ஒரு முறை எஸ்டேட்டைச் சுற்றிப் பார்க்க வருபவர், மஞ்சள் துணியைக் கண்டதும் காரை நிறுத்தச் சொன்னார். இது என்ன மரம் என்று கேட்டார். மேனேஜர் ஒரு வாக்கியத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சேர்ந்தே சிரித்திருக்கவும் கூடும். ஆனால் முதலாளியம்மாவின் கை அதற்குள் குவிந்துவிட்டது. மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நூற்றாண்டு பழமை, மலைவாசிகளின் காவல் தெய்வம், புனித மரம் என்று அடுக்கினார். முதலாளியம்மா உருகிப் போனார். அவருக்கு எதிலும் எளிதாக உருகிவிடும் வசதி இருந்தது. அடுத்த தடவை வந்தபோது பித்தளை மணி வந்தது. அதற்கு அடுத்த தடவை கல்லுக்கு வெள்ளிக் கவசம். ‘புனித மரம். கத்தி படக் கூடாது’ என்று ஒரு போர்டும் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவரே வர ஆரம்பித்தார், உறவுக்காரப் பெண்களோடு. மேனேஜர் பூட்ஸைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு, கண்ணை மூடி நின்றார். நான் பக்கத்தில் நின்று அந்த மூடிய இமைகளைப் பார்ப்பேன். உள்ளே விழி உருண்டுகொண்டே இருக்கும், கூண்டுக்குள் எலியைப்போல.

காப்பிக்கு நிழலும் வேண்டும், வெயிலும் வேண்டும். அதனால் மழைக்கு முன்பு ஒவ்வொரு வருடமும் நிழல் மரங்களின் கொப்புகளைக் கழித்துவிடுவார்கள். அந்த வருடமும் ஆட்கள் ஏறினார்கள். நாவல் மரத்துக்கு வந்ததும் கீழே நின்றுவிட்டார்கள். கத்தி படக் கூடாது என்று போர்டே இருக்கிறதே என்றார்கள். குரலில் எந்தக் கிண்டலும் இல்லை, அதுதான் கிண்டல். மேனேஜரும் வற்புறுத்தவில்லை. ஒரு மரம்தானே. இரண்டு வருடம் அப்படியே போயிற்று.

அந்த மரத்தின் பெரிய கொப்பு ஒன்று எல்லையைத் தாண்டிச் சரிவில் நீண்டிருந்தது. அதற்கு நேர் கீழே அக்காவின் வீடு. ஓட்டு வீடு, மண் சுவர். வருடா வருடம் கழித்துவிட்டதால் அதுவரை அந்தக் கொப்பு யாருக்கும் பாரமாக இல்லை. இப்போது அது தடித்து, ஒரு பக்கம் பட்டுப்போய், பட்டை உரிந்து, வெள்ளையாக நின்றது. காற்றடித்தால் அடிமரத்தோடு சேரும் இடத்தில் ஒரு முனகல் கேட்கும். அந்தச் சித்திரையில் அக்காவின் மருமகள் பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பெண் குழந்தை. கோடை மழை இந்த மலையில் எப்படி வரும் என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அரைமணி முன்பு வரை வெயில் இருக்கும். பிறகு எங்கிருந்தோ ஒரு காற்று புறப்பட்டு மரங்களைத் தலைமயிரைப் பிடித்து உலுக்குவதைப்போல உலுக்கும். வானம் இருண்டால் போதும், அக்கா பேத்தியைத் துணியில் சுருட்டிக்கொண்டு எங்கள் லைன் வீடுகளுக்கு ஓடி வருவார். மழை விட்டதும் திரும்பிப் போய், வீடு நிற்கிறதா என்று பார்ப்பார்.

அவர் மேனேஜரிடம் வந்தார். பங்களாவின் பின்வாசல் வழியாகத்தான். ஏதோ அறிவிப்பு எழுதிக்கொள்ள நானும் உள்ளே இருந்தேன். கொப்பை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டார். எஸ்டேட் மரம், மகன் தானாக ஏறி வெட்டினால் திருட்டுக் கேஸ் ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். மேனேஜர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஆட்கள் ஏற மாட்டேன் என்கிறார்களே என்றார். உங்களுக்குத் தெரியாததா, நீங்கள் வைத்த கல்தானே, நீங்களே எடுத்துவிட்டால் ஏறுவார்கள் என்றார் அக்கா. அந்த ‘நீங்கள் வைத்த’ என்ற இடத்தில் மேனேஜர் வேகமாகக் கதவுப் பக்கம் பார்த்தார். வெளியே முதலாளியம்மாவின் டிரைவர் நின்றிருந்தான். மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

“அது புனித மரம். கத்தி வெக்கக் கூடாது. அவ்வளவு பயமா இருந்தா நீ ஊட்டை வேற எடத்துல கட்டிக்கோ.”

அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். “எங்க ஊடு அந்த மரத்துக்கு முந்தியே இருக்குதுங்க,” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அளவெடுக்கும் பார்வை அது. துணிக்கடையில் ஒரு முழத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பதைப்போல அந்த அறையை, மேனேஜரை, மேசையைப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு மேனேஜரின் முகத்தில் நான் கண்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் கொஞ்சம் பயந்திருந்தார். கொப்பு விழும் என்பதற்கு அல்ல. உண்மை விழும் என்பதற்கு. தன் முதலாளியம்மா ஓடைக் கல்லைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த வாய் அவருக்கு இல்லை. அந்த வெட்கத்தைவிட ஒரு குழந்தையின் தலை மலிவாக இருந்தது அவருக்கு. இதைவிட அழுகிய எதையும் நான் என் வாழ்நாளில் மிக அருகில் நின்று பார்த்ததில்லை. அதன்மேல் வெள்ளிக் கவசம் வேறு.

அக்கா அங்கிருந்து நேராக வெள்ளக்கடைக்குப் போயிருக்கிறார், வேலை போன வாட்ச்மேனின் வீட்டுக்கு. சாமியை இடம் மாற்ற வேண்டுமானால் வைத்த கைதான் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எடுப்பதற்கு முன்பு சாமியிடம் பூ கேட்க வேண்டும். ஈரக் கல்லில் பூவை ஒட்டிவிட்டுக் கேள்வி கேட்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை. இதெல்லாம் அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கும் கிணறு வெட்டுவதற்கும் நடப்பதுதான். ஆனால் அக்கா நாள் பார்த்தார். வெள்ளிக்கிழமை. முதலாளியம்மா வந்து, தேங்காய் உடைத்து, மணியடித்து, கண்ணை மூடி நிற்கிற நேரம்.

சரிவிலிருந்து ஒரு பத்துப் பேர் ஏறி வந்தார்கள், செருப்பில்லாமல். முன்னால் வாட்ச்மேன், குளித்த ஈரத்தோடு. அக்கா கையில் ஒரு தட்டு. ஊர்ப் பெரியவர் ஒருவர் முதலாளியம்மாவிடம் மிகப் பணிவாக விஷயத்தைச் சொன்னார்: சாமிக்கு இந்த இடம் ஒப்பவில்லை என்று ஊரில் குறி வந்திருக்கிறது, கேட்டுப் பார்க்க வந்திருக்கிறோம். முதலாளியம்மாவின் கண் விரிந்தது. இப்படி ஒன்றைப் பார்க்கத்தானே அவர் மலையேறி வருவதே. மேனேஜர் ஒரு அடி முன்னால் வந்து, “மேடம், இதெல்லாம் வந்து...” என்றார். அதற்கு மேல் அவரிடம் வாக்கியம் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் அந்த வாக்கியம் ‘நான் வைத்த கல்’ என்ற இடத்துக்குத்தான் போய்ச் சேரும்.

வாட்ச்மேன் கவசத்தைக் கழற்றித் தட்டில் வைத்தார். கல்லை நீர் ஊற்றிக் கழுவினார். வெள்ளை அரளிப் பூ ஒன்றை நெற்றியில் ஒட்டினார். இங்கேயே இருக்கிறாயா என்று கேட்டார். பூ இடப்பக்கம் விழுந்தது. மறுபடி ஒட்டினார். ஊருக்கு மேலே விட்ட காட்டுக்கு வருகிறாயா? நெடுநேரம் ஒட்டிக்கொண்டிருந்து, இடப்பக்கம் விழுந்தது. செம்மநத்தம் பக்கம் போகிறாயா? இடம். மலையிறங்கிச் சேலத்துக்கு, முதலாளி வீட்டுக்குப் போகிறாயா? முதலாளியம்மா மூச்சைப் பிடித்தார். இடம். வாட்ச்மேன் கொஞ்ச நேரம் யோசிப்பவரைப்போல நின்றார். பிறகு, அவர் வாழ்க்கையில் அதுவரை உயர்த்தியே இராத குரலில் கேட்டார்.

“பங்களாவுக்குப் போறயா, சாமி?”

கேட்டு முடிப்பதற்குள் பூ வலப்பக்கம் விழுந்தது. வாட்ச்மேனின் கட்டைவிரல் எங்கே இருந்தது என்று நான் பார்த்தேன். கல்லுக்கு அருகில்தான் இருந்தது. பூவைத் தொட்டதா என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன்.

பெண்கள் குலவையிட்டார்கள். முதலாளியம்மாவின் கண்ணில் நீர். அவர் மேனேஜரின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். எவ்வளவு கொடுத்து வைத்தவர் நீங்கள் என்றார். மேனேஜரும் கைகூப்பினார், வேறு என்ன செய்வார். அக்கா தட்டோடு அவருக்கு எதிரே வந்து நின்று, விபூதியை நீட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“நீங்கதானுங்க சார் மொதல்ல சாமின்னு சொன்னீங்க. உங்ககிட்டயே வரேங்குது. நொம்ப நல்ல சாமிங்க.”

கல்லை வாட்ச்மேன் தலையில் சுமந்து போனார். பங்களாவின் முன்வாசல் வழியாக, அந்தப் புனிதமான முன்வாசல் வழியாக, லைன் வீட்டு ஆட்களும் சேர்ந்துகொள்ள, கூட்டம் முழுவதும் முதன்முறையாக உள்ளே போயிற்று. கல்லை வாசற்படிக்கு நேராக நட்டார்கள். முதலாளியம்மா அங்கேயே நின்று விதிகளைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். கேட்டுக்கு உள்ளே செருப்பு கூடாது. வீட்டில் கவுச்சி கூடாது. சிகரெட் கூடாது. மது கூடவே கூடாது. மேனேஜரின் மாலைப் பொழுதுகள் என்று அதுவரை எவையெல்லாம் இருந்தனவோ அவை ஒவ்வொன்றாக அந்தக் காகிதத்தில் இறங்கின. பிறகு ஊர்ப் பெரியவர் ஒன்றும் தெரியாதவரைப்போல, சாமி போய்விட்டதால் இனி அந்த மரத்தைக் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக, வெறும் மரம்தானே என்றார் முதலாளியம்மா.

மதியத்துக்குள் அக்காவின் மகன் மேலே ஏறினான். கயிறு கட்டி, துண்டு துண்டாக அறுத்து இறக்கினார்கள். கடைசித் துண்டு இறங்கியபோது அதன் நடுவில் உள்ளங்கை நுழையும் அளவுக்குப் பொந்து இருந்தது. உள்ளே கறையான் தூள். அக்கா அந்தத் தூளைக் கையில் அள்ளி, ஊதிவிட்டு, தொட்டிலில் கிடந்த பேத்தியை எட்டிப் பார்த்தார். அன்று சாயங்காலம் மழை வந்தது. நான் முதலில் சொன்ன மழை அதுதான்.

சில நாள் கழித்து அக்காவிடம், நீங்கள் அந்தக் கல்லை நம்புகிறீர்களா, எல்லாம் நாடகம்தானே என்று கேட்டேன். நாடகம் என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. நான் அவரைச் சிரிக்கவைக்க நினைத்திருந்தேன், அவர் சிரிக்கவில்லை. “வெக்கறப்பப் பொய்யா இருந்திருக்குமுங்க அம்மிணி. இத்தன பேரு கும்பிட்ட பொறவு கல்லு என்னங்க பண்ணும்? அதுக்கும் ஒரு எடம் வேணுமில்லீங்களா,” என்றார். அதைத் தூக்கிக்கொண்டு போனபோது வாட்ச்மேனின் கண்ணிலும் நீர் இருந்ததை நான் பார்த்திருந்தேன். அந்தக் கூட்டத்தில் கல்லை ஏமாற்றியவர் யாரும் இல்லை, ஒருவரைத் தவிர.

அவர் அடுத்த வருடம் மலையிறங்கிவிட்டார். இப்போது சேலத்தில் யாரோ கூட்டம் போட்டுக் கூப்பிட்டால் போய்ப் பேசுகிறாராம். ஒரு தெய்வம் தானாகவே தன் வீடு தேடி வந்த கதையைச் சொல்கிறாராம். கேட்பவர்கள் உருகுகிறார்களாம். கழற்றிய பூட்ஸைக்கூடத் தவமாக்கிக்கொள்ளத் தெரிந்த ஒருவரை என்ன செய்ய முடியும்? புனிதம் என்ற அந்தச் சொல் அவருக்குக் கடைசியில் உண்மையாகவே உதவிவிட்டது. எதை அதில் சுற்றினாலும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பங்களா இப்போது தங்கும் விடுதி. போன மாதம் ஏற்காட்டுக்குப் போனவள், அந்தப் பக்கம் ஒரு நடை நடந்தேன். கேட்டில் பெரிய போர்டு: ‘புனித இல்லம்.’ செருப்பு வைக்க மரத்தட்டு. கல்லுக்கு மேலே கண்ணாடிக் கூரை, கீழே நிறம் மாறும் விளக்கு. அங்கே விற்கிற காப்பித்தூள் பொட்டலத்தில் அந்தக் கல்லின் படம். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் வெறுங்காலோடு சரளையில் நின்று, முகத்தைச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சிலிர்த்ததாகச் சொன்னாள். குளிராக இருந்தது.

நான் சரிவில் இறங்கி அக்கா வீட்டுக்குப் போனேன். கூந்தல் முழுக்க வெளுத்திருந்தது. வாயில் அதே குத்தல். “ஏனுங்க அம்மிணி, வழி மறந்து வந்துட்டீங்களாக்கும்,” என்றார். பேத்தி பள்ளிக்கூடம் போயிருந்தாள். இன்னும் சில நாளில் கோடை மழை. நாவல் மரத்தைக் கழிக்கிற நாள் அன்று. மகன் மேலே இருந்தான், இலைக்குள் அவன் கால் மட்டும் தெரிந்தது. அப்போது விடுதியிலிருந்து ஒரு குடும்பம் எல்லைப் பாதையில் வந்தது. மரத்தின் பருமனைப் பார்த்து நின்றார்கள். அந்த மனிதர் அண்ணாந்து பார்த்து, பிறகு குனிந்து, செருப்பின் வாரில் கை வைத்தபடி அக்காவைக் கேட்டார். இந்த மரமும் புனிதமானதுதானா?

“இல்லீங்க சார், இது வெறும் மரமுங்க,” என்றார் அக்கா. “செருப்பப் போட்டுக்கிட்டுத் தள்ளி நில்லுங்க. கொப்பு விழுகும்.”